ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலிக்குக் கடைகளில் பொட்டலம் கட்டித் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். சர்க்கரை கூடும், எலும்பு தேயும், முகம் உப்பும் என்று சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு சிறு மாத்திரை உடம்பில் இத்தனை இடங்களில் எப்படி வேலை செய்கிறது என்பதும், நெடுநாள் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்பதும் அதில் இல்லை. மண்டபம் பகுதியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

என் மாணவர்களில் பலர் வடகடலில் நண்டு வலை விடும் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே ஹார்மோன் பாடத்தை நண்டிலிருந்தே தொடங்குவது என் வழக்கம். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, விரலால் அழுத்தினால் அமுங்கும்படி மெத்தென்று கிடக்கும் நண்டை அவர்கள் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்தவர்கள். அந்த ஓடு மாற்றத்தைத் தூண்டும் எக்டைசோன் வகை ஹார்மோனும் ஒரு ஸ்டீராய்டுதான். அது செல்லுக்குள் சென்று தன்னை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்துடன் சேர, அந்தப் புரதம் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, ஓடு மாற்றத்துக்கு வேண்டிய மரபணுக்களைப் படியெடுக்க, அதாவது அவற்றின் குறிப்பை நகலெடுத்துச் செயல்பட, வைக்கிறது. எந்த மரபணு எப்போது படியெடுக்கப்பட வேண்டும் என்பதை இவ்வாறு முடிவு செய்யும் புரதங்களையே படியெடுத்தல் காரணிகள் என்கிறோம்.

மனித உடம்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இவ்வகை ஏற்பிகள் நமக்கு 48 உண்டு. ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி ஆகியவற்றின் ஏற்பிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனுக்கும், அதன் வேலையைச் செய்யும் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் மாத்திரைகளுக்கும் உரிய ஏற்பியின் மரபணு 1985இல் பிரித்தறியப்பட்டது. மருந்து வந்து சேரும் வரை அந்த ஏற்பி வேறு புரதங்களின் பிடியில் உட்கருவுக்கு வெளியே காத்திருக்கும். மருந்து சேர்ந்ததும் உட்கருவுக்குள் சென்று, பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து, டி.என்.ஏ.வில் 15 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத் தொடரில் அமரும். கல்லீரலில் அது சர்க்கரை உற்பத்திக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. நோய் எதிர்ப்புச் செல்களிலோ, வீக்கத்தை உண்டாக்கும் வேறு படியெடுத்தல் காரணிகளை அடக்கிவிடுகிறது. முழங்கால் வீக்கம் வற்றுவதும் கிருமிகளை எதிர்க்கும் வலிமை குறைவதும் இந்த ஒரே செயலின் விளைவுகள் என்பதால், நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு கெட்டதை விலக்க வழியில்லை.

மூளையின் அடிப்பகுதியிலும் அதையொட்டிய பிட்யூட்டரி சுரப்பியிலும் நடப்பதைத்தான் மக்கள் முக்கியமாக அறிய வேண்டும். அங்கே இதே ஏற்பி, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன்களுக்கான மரபணுக்களை அடக்கி வைக்கிறது. மாதக்கணக்கில் இது நீடித்தால், தூண்டுவார் இல்லாத அட்ரினல் சுரப்பி சுருங்கிப்போகும். அந்நிலையில் மாத்திரையை ஒரேயடியாக விட்டால், வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மருந்தும் நின்றுவிடும், உடம்பு தானாகக் கார்டிசாலைச் சுரப்பதும் இராது.

எங்கள் தெருவில் தென்கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு சகோதரி, நாள் முழுவதும் தண்ணீரில் குனிந்து நிமிர்வதால் வந்த முழங்கால் வலிக்கு, ஒரு கடையில் பெயர் தெரியாத வெள்ளை மாத்திரையை எட்டு மாதங்கள் வாங்கிச் சாப்பிட்டார். அது கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தினார். நான்காம் நாள் காலை வாசலில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் அதே மருந்தைத் திரும்பக் கொடுத்து, பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்த பின்பே எழுந்து நடமாடினார். அவர் கேட்ட எச்சரிக்கை உண்மைதான். ஆனால் பாதியோடு நின்றுவிட்டது. தங்கள் செய்தியைப் படிக்கும் எவருக்கும் அந்நிலை வரக் கூடாது என்பதே என் கவலை.

இம்மருந்துகளை நான் பழிக்கவில்லை. கொரோனாவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் உயிரிழப்பை டெக்சாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020இல் நிறுவப்பட்டது. ஆனால் அங்கே கொடுத்தது நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாட்கள், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத இம்மாத்திரைகளை உறை பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை அதிகாரிகள் தடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும்போது, வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை மாதமாக என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டு வருபவர்கள் தாமாக நிறுத்தாமல், மிச்சமிருக்கும் மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தாங்கள் ஒரு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.