மடக்குற சைட்டா, நிக்கிற சைட்டா? உங்க ஞாயிறு கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல அமெரிக்காவுல நடக்கிற த்ரீ-கன் போட்டி பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். இந்த விளையாட்டைப் பத்தி தமிழ்ல எழுதறவங்களே அபூர்வம், அதனால எழுதினவருக்கு மொதல்ல ஒரு நன்றி. ஆனா ரைஃபிள்ல 45 டிகிரி சாய்ச்சு பக்கவாட்டுல மாட்டற ஆஃப்செட் சைட் (சைட்னா குறி பார்க்கற கருவி) பத்தி அதுல ஒரு பத்தி வருது, அங்கதான் எனக்கு சரிப்படல. மடக்குற மாடல்தான் புதுசு, எப்பவும் நிமிந்தே நிக்கிற ஃபிக்ஸட் மாடல் பழைய சமாச்சாரம், யோசிக்காம மடக்குறதையே வாங்குங்கங்கற மாதிரி முடிச்சிருக்காங்க. நான் டெக்சஸ்ல இருக்கேன், வார இறுதியில இந்த மேட்ச்களுக்குப் போறவன். இங்கயும் புதுசா வர்ற நம்ம பசங்க இதையே கேட்டுட்டு கடையில போய் நிக்கறாங்க, அதனாலதான் இந்தக் கடிதம்.

விஷயம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். த்ரீ-கன்ல ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூணையும் ஒரே ஓட்டத்துல மாத்தி மாத்தி சுடணும், டைமர் ஓடிட்டே இருக்கும், யார் சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் லாபம். ரைஃபிள் பெரும்பாலும் ஏஆர்-15 வகை, மேல ஒரு ஸ்கோப், 1ல இருந்து 6 மடங்கோ 8 மடங்கோ பெருசாக்கிக் காட்டும். 250 யார்டு தள்ளி ஒரு இரும்புத் தகடு இருக்கும், அதுக்கு ஸ்கோப்பை 6ல வச்சு அடிக்கணும், அடிச்ச கையோட திரும்பினா 7 யார்டுல அட்டை டார்கெட் மூணு நிக்கும். 6 மடங்குல 7 யார்டு அட்டையைப் பார்த்தா கண்ணாடி முழுக்க பழுப்பு நிறம்தான் தெரியும், எது நடு எது ஓரம்னு பிடிபடாது. ஸ்கோப் வளையத்தைத் திருப்பி 1க்குக் கொண்டு வரலாம்தான், ஆனா அதுக்கு ஒரு கையை எடுக்கணும், மறுபடி தூரத்து தகடு வந்தா மறுபடி திருப்பணும். அதுக்குத்தான் பக்கவாட்டுல சின்னதா ஒரு இரும்பு சைட், கண்ணாடி இல்லாம முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஓட்டையோட ஒண்ணுன்னு ரெண்டு துண்டா இருக்கும். ஸ்கோப்பை 6லயே விட்டுட்டு ரைஃபிளை லேசா இடப்பக்கம் சாய்ச்சா வலப்பக்கம் இருக்கிற சைட் கண்ணுக்கு நேரா வந்துடும், சுட்டுட்டு நிமித்திக்கலாம்.

அதுக்கு ஏன் இரும்பு சைட், கண்ணாடியில சிவப்புப் புள்ளி காட்டற சின்ன ரெட் டாட் மாட்டினா இன்னும் சுலபமாச்சேன்னு கேட்பீங்க. சுலபம்தான், ஆனா நெறைய மேட்ச்கள்ல டாக்டிகல் பிரிவுல ரைஃபிளுக்கு ஒரே ஒரு கண்ணாடி சைட்தான் அனுமதி, ரெண்டாவதா ஒரு டாட் வச்சா உங்களை ஓபன் பிரிவுக்குத் தள்ளிடுவாங்க, அங்க இருக்கறவங்க துப்பாக்கியைப் பார்த்தாலே நம்ம மாசச் சம்பளம் ஞாபகத்துக்கு வரும். இரும்பு சைட் அந்தக் கணக்குல வராது. மெரீன் படையில இருந்து போட்டிக்கு வந்த பேரி டியூக்ங்கறவர், டியூக் டிஃபென்ஸ்ங்கற பேர்ல கொண்டு வந்த ஆஃப்செட் சைட் இந்த வேலையை மனசுல வச்சு செஞ்சதுதான், அது மடங்கவே மடங்காது. மேக்புல் கம்பெனியோட எம்பியூஎஸ் ப்ரோ ஆஃப்செட் ஸ்டீல்ல வர்ற மடக்குற மாடல். ரெண்டுமே நல்ல பொருள். எது உசத்திங்கறது இங்க கேள்வியே கிடையாது, அந்த சைட்டுக்கு நீங்க என்ன வேலை குடுக்கப் போறீங்கங்கறதைப் பார்த்துதான் வாங்கணும், கட்டுரையில அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

ஃபிக்ஸட் ஆளுங்களும் ஒரு தப்பான காரணம் சொல்லுவாங்க, அதையும் சொல்லிடணும். மடக்குற சைட்டை தூக்கி நிறுத்த ஒரு செகண்ட் போயிடும்பாங்க. மேட்ச்ல எப்படிப் போகும்? பீப் சத்தம் வர்றதுக்கு முன்னாடி லோடு பண்ணிட்டு தயாராகறோம் இல்ல, அப்பவே ரெண்டையும் தூக்கி வச்சுட்டா முடிஞ்சுது. அந்த ஸ்டேஜ், அதாவது மேட்ச்ல அந்த ஒரு சுற்று, முடியற வரைக்கும் அதுவும் நிமிந்துதான் நிக்கும். நேரத்தை வச்சு ஒண்ணை ஜெயிக்க வைக்க முடியாது.

அடுத்தது கீல்ல இருக்கிற ஆட்டம். மடங்குற பொருள்னா கொஞ்சமாவது ஆடும், ஆடினா குறி மாறும்னு பயமுறுத்துவாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தா வேற மாதிரி இருக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல அரை மீட்டர் இடைவெளின்னு வச்சுக்கோங்க, கீல்ல 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தா 15 மீட்டர்ல குண்டு 3 மில்லிமீட்டர் தள்ளிப் போகும், அட்டை டார்கெட்டுல அது ஒண்ணுமே இல்ல. அதே ஆட்டம் 200 மீட்டர்ல 4 சென்டிமீட்டர். விலை கம்மியா கிடைக்கிற காப்பி சைட் எதையாவது மாட்டி ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குப் போச்சுன்னா 200 மீட்டர்ல 10 சென்டிமீட்டர், அது வலிக்கும். ஆக, கிட்டத்துல சுடறவனுக்கு இந்த ஆட்டம் பொருட்டே இல்ல, ஸ்கோப் உடைஞ்சா இதை வச்சுத்தான் தூரத்துல சமாளிக்கணும்னு நினைக்கறவன்தான் கவலைப்படணும், ஆனா கடையில பார்த்தா தலைகீழா இருக்கு, கிட்ட சுடறவங்கதான் சைட்டை விரலால ஆட்டி ஆட்டிப் பார்த்துட்டு நிக்கறாங்க.

அப்புறம் ஏன் மேட்சுக்கு நான் ஃபிக்ஸட் பக்கம் நிக்கறேன்னா, காரணம் அடி. ரைஃபிளை சுட்டு முடிச்சதும் அதை ஒரு டிரம்முல, டம்ப் பேரல்னு சொல்லுவாங்க, உள்ள விட்டுட்டு பிஸ்டலை எடுத்துட்டு ஓடணும். அவசரத்துல பூவா வைப்பாங்க? டொக்குனு போடறதுதான். சில ஸ்டேஜ்ல ரைஃபிள் மொதல்லயே டிரம்முல கிடக்கும், நடுவுல வந்து உருவி எடுக்கணும். பலகையில கோணல் மாணலா ஓட்டை போட்டு வச்சிருப்பாங்க, அதுக்குள்ள துப்பாக்கிக் குழலை, அதான் பேரலை, நுழைச்சு சுடணும், வெளிய இழுக்கும்போது பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கிற முன் சைட் கண்டிப்பா எங்கயாவது தட்டும். மடக்குற சைட்ல நெறைய மாடல் வெறும் கிளிக் பிடிப்புலதான் நிக்குது, பூட்டு கிடையாது. தட்டினா சாயும். அடி பட்டு உடையறதை விட சாயறது நல்லதுன்னு ஒரு வாதம் இருக்கு, அது நியாயம்தான். ஆனா பாதி சாஞ்ச முன் சைட்டோட நீங்க 7 யார்டு அட்டை முன்னாடி ரைஃபிளை சாய்ச்சுப் பார்க்கும்போது பின் ஓட்டை வழியா வெறும் வானம்தான் தெரியும், அப்ப கையை நீட்டி அதை நிமித்தற நேரத்துல பக்கத்து ஊர்க்காரன் ஸ்டேஜையே முடிச்சிருப்பான். ஃபிக்ஸட் சைட்டுக்கும் அதே அடிதான் விழும், ஆனா அது நிக்கும், இல்லைன்னா ரெயில்ல (சைட்டை மாட்டற பள்ளம் பள்ளமான பட்டை) இருந்து லூசாகும். லூசாகாம இருக்க மாட்டும்போதே ரெயில் பள்ளத்துல முன்னாடி தள்ளி வச்சு முறுக்கணும், ஸ்க்ரூ கழலாம இருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு, மேல பெயின்ட்டால ஒரு கோடு. கோடு விலகியிருந்தா பார்த்ததும் தெரிஞ்சிடும்.

இதுக்காக ஃபிக்ஸட்தான் எப்பவும்னு நான் சொல்ல மாட்டேன். இங்க டெக்சஸ்ல காட்டுப்பன்னி தொல்லை ஜாஸ்தி, பண்ணை வச்சிருக்கவங்க ரைஃபிளை ட்ரக்குல போட்டுட்டே திரிவாங்க, உறையில இருந்து எடுக்கறதும் வைக்கறதும் சீட்டுக்குப் பின்னாடி சொருகறதுமா இருக்கும். அவங்களுக்கு பக்கத்துல முள்ளு மாதிரி ரெண்டு நீட்டிட்டு இருந்தா தோள் வார் (ஸ்லிங்) மாட்டும், உறை கிழியும், ஜாக்கெட் கிழியும். ஸ்கோப் கீழ விழுந்து கண்ணாடி போச்சு, மழையில லென்ஸ் மூடிப் போச்சுன்னா மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு மடக்குறதுதான் சரி, அதுவும் நல்ல ஸ்டீல் மாடலா, ஆட்டம் கம்மியா. ஸ்கோப் செத்துப் போன நேரத்துல சைட்டைத் தூக்க ஆகிற ஒரு செகண்ட் பெருசா தெரியாது. ராத்திரி வேட்டைக்கு உடம்புச் சூட்டை வச்சுக் காட்டற தெர்மல் ஸ்கோப் வச்சிருக்கவங்களுக்கு ரெண்டுமே தண்டம், இருட்டுல இரும்பு சைட் எங்க தெரியப் போகுது.

வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு, கட்டுரையில அதுவும் விட்டுப் போச்சு. ஸ்கோப்போட விண்டேஜ் டர்ரெட், அதாவது குறியை இடம் வலம் திருத்தற குமிழ், வலப்பக்கம்தான் துருத்திட்டு இருக்கும், ஆஃப்செட் சைட்டோட பார்வையும் அந்தப் பக்கம்தான் போகுது. பெரிய டர்ரெட் உள்ள ஸ்கோப்னா பாதி மறைக்கும். ஜூம் வளையத்துல த்ரோ லீவர்னு ஒரு குச்சி மாட்டியிருப்பாங்க, அதைத் திருப்பும்போது பின் சைட்ல போய் இடிக்கும். தோட்டா ஏத்த பின்னாடி இழுக்கற சார்ஜிங் ஹேண்டிலோட காது நீளமா இருந்தா அதை இழுக்கும்போது விரல் சைட்ல படும். இந்த மூணுலயும் மடக்குற சைட்டுக்கு சின்ன சௌகரியம் உண்டு, மடக்கி வச்சா வழி விடும். ஆனா மேட்ச் முழுக்க தூக்கியே வச்சிருக்கப் போறீங்கன்னா அந்த சௌகரியத்துக்கு அர்த்தம் இல்ல, அதனால நிமிந்த நிலையில வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. இடது கைக்காரங்க எல்லாத்தையும் இடப்பக்கம் மாத்தணும், அங்க ஸ்கோப்போட வெளிச்சக் குமிழ் இருக்கும், அது தனி ரோதனை. எல்லா மாடலும் ரெண்டு பக்கத்துக்கும் வர்றதில்ல, கேட்டு வாங்கணும்.

முன் சைட் உட்கார்ற ஹேண்ட்கார்டையும், அதாவது பேரலைச் சுத்தி கை பிடிக்கற உறையையும், பாருங்க. பின் சைட் ரிசீவர்ல, அதாவது துப்பாக்கியோட நடு உடம்புல, இருக்கு, முன் சைட் ஹேண்ட்கார்டுல இருக்கு, அந்த ஹேண்ட்கார்டு லேசா திரும்பினாலே ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒரே இடத்துல விழற மாதிரி வச்ச அமைப்பு, போச்சு. எத்தனை டாலர் குடுத்து எந்த சைட் வாங்கினாலும் இதுல தப்ப முடியாது.

ஜீரோ பண்றது ரொம்ப பேருக்கு குழப்பம். ரைஃபிளை சாய்ச்சுப் பிடிச்சா எல்லா கணக்கும் மாறிடும்னு நினைக்கறாங்க. மாறாது. சைட் நேரா நிமிந்து தெரியற அளவுக்கு ரைஃபிளை சாய்ச்சா சைட் கோடு மறுபடியும் பேரலுக்கு நேர் மேலதான் வருது, அதனால மேல கீழ, இடம் வலம் எல்லாம் வழக்கம் போலவே திருப்பலாம். 50 யார்டுல ஜீரோ வச்சா போதும். 10 யார்டுல குண்டு சுமார் 2 இன்ச் கீழ விழும், சைட் பேரலுக்கு மேல உட்கார்ந்திருக்கறதால அது எந்த சைட்டுக்கும் உள்ள கதைதான், டார்கெட்டுல பாதியை சுடக்கூடாத இடமா வச்சிருந்தா மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். அவசரத்துல 45க்கு பதிலா 35 டிகிரிதான் சாய்ச்சீங்கன்னு வைங்க, அந்த தூரத்துல குண்டு அரை இன்ச் கூட விலகாது, தைரியமா சுடலாம். பின் சைட்ல ரெண்டு ஓட்டை உள்ள மாடலா இருந்தா பெரிய ஓட்டையை வச்சுக்கோங்க. சின்ன ஓட்டை வழியா குறி பார்க்கறது தூரத்துக்கும் நிதானத்துக்கும்தான். நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிள்ல குறி பார்க்கறது கூட அப்படி ஒரு சின்ன ஓட்டை வழியாத்தான், ஆனா அவங்களுக்கு டார்கெட் 10 மீட்டர்ல அசையாம நிக்குது, அவங்களும் நிக்கறாங்க, நாங்க மூச்சு வாங்க ஓடி வந்து சுடறோம்.

தமிழ்நாட்டு வாசகர்கள் யாரும் இதைப் படிச்சுட்டு கடை தேட வேண்டாம், இந்தியாவுல இந்த மாதிரி செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் சாதாரணமா லைசென்ஸ்ல கிடைக்கற வகை இல்ல. இங்க இருக்கிற நம்மாளுங்களுக்காகத்தான் எழுதறேன்.

கடைசியா ஒரு திருத்தம் கேட்டுக்கறேன். கட்டுரையோட போட்டிருந்த படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கு. காலி தோட்டா வெளிய விழற வாசல் அதுல இடப்பக்கம் தெரியுது. இடது கைக்காரங்களுக்குன்னு அப்படி செய்யற ரைஃபிளும் உண்டுதான், ஆனா படத்துல தோட்டா போடற மேகசின் மேல இருக்கிற எழுத்தும் திரும்பித்தான் இருக்கு. படத்தைப் பார்த்து ஒரு வலது கைக்காரர் சைட்டை இடப்பக்கம் மாட்டினார்னா ரைஃபிளை வெளிப்பக்கமா சாய்க்க வேண்டி வரும், தோள்ல வைக்கற பின்கட்டை (ஸ்டாக்) நிக்காது. அடுத்த வாரமே படத்தை நேரா போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
டெக்சஸ், அமெரிக்கா