மூலை வீட்டின் மூன்றாவது சுவர்

அன்பு மகளுக்கு,

நீ வாங்க நினைக்கிற மூலை வீட்டின் படங்களை நானும் அம்மாவும் நேற்று இரவு பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தோம். அம்மாவுக்குக் குசினி பிடித்துவிட்டது. நான் தேடியது ஒழுங்கைப் பக்கத்துச் சுவரை. இருபது படத்தில் ஒன்றிலும் அது இல்லை. நீ முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் நடு வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் அயல் வீட்டுச் சூடு கிடைக்கும். மூலை வீட்டுக்கு ஒரு பக்கம்தான். மற்றப் பக்கம் அத்திவாரத்திலிருந்து முகடு வரை மழைக்கும் காற்றுக்கும் நிற்கிறது. நாங்கள் 1997இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்து ஸொய்லனில் இந்த வீட்டை வாங்கியபோது எனக்கு இது ஒன்றும் தெரியாது. 1985இல் அகதியாய் வந்த தமிழருக்கென்றே இங்கத்தை அரசாங்கம் போட்ட திட்டத்தில் கிடைத்தவை படுக்க இடம், குளிக்க வசதி, தின்னப் பாண், அவ்வளவுதான். விடுதி அறையில் ஆறு பேராகப் படுத்தவனுக்கு, பக்கத்தில் யன்னலும் ஒரு துண்டு வளவும் உள்ள வீடு என்றால் வேறென்ன கேட்கத் தோன்றும்?

முதல் மாரியில், வெளிச்சுவரின் அடியில் சின்னச் சின்ன இரும்புக் கிராதிகளைக் கண்டேன். குளிர் இதற்குள்ளால்தான் வருகிறது என்று பழந்துணியை உருட்டி எல்லாவற்றையும் அடைத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. ஐந்தாம் வருடம் அம்மாவின் தையல் மெசின் நின்ற இடத்தில் பலகை நிலம் சாய்ந்தது. பலகையைக் கழற்றினால், சுவருக்குள் போகும் தீராந்திகளின் நுனியில் விரல் வைத்தவுடன் ஊறிய பாண் மாதிரி உள்ளே போகிறது. பக்கத்து வீட்டு ஓப்பா (தாத்தாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து குனிந்து பார்த்தார். இளவயதில் வெர்க்ஸ்போர் தொழிற்சாலையில் ரயில் பெட்டி கட்டிய கை அது. ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே போய், துணிகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். நிலத்துக்குக் கீழே காற்று ஓட விட்ட துளைகள் அவை. அந்தக் கூத்துக்குக் கொடுத்த காசில் உனக்கு இரண்டு வருடம் படிப்புச் செலவு பார்த்திருக்கலாம்.

நீ பார்க்கும் ட்ரென்ட்ஸ் டோர்ப் பகுதியின் கதை உனக்குத் தெரியுமோ தெரியாது. 1920களின் கடைசியில் பிலிப்ஸ் கம்பனி, வடக்கே ட்ரெந்தே மாகாணத்து ஏழைக் குடும்பங்களை ஐன்ட்ஹோவனுக்குக் கூட்டிவந்து குடிவைத்த இடம். பெண்பிள்ளைகள் கூடின குடும்பங்களாகப் பார்த்து எடுத்தார்களாம். தொழிற்சாலைக்கு அவர்களின் கைகள் தேவைப்பட்டன. அம்மாவிடம் சொன்னேன். “எங்கட ஊரில பெட்டை பிறந்தால் சீதனமா வீடு குடுக்க வேணும், அங்க பெட்டையளாலயே வீடு கிடைச்சிருக்கு” என்று சிரிக்கிறா.

அந்தப் பக்கம் மணல் மண். அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம், கௌடா போல, நிலத்துக்குக் கீழே வீட்டைத் தாங்கும் மரத் தூண் அழுகும் பயம் பொதுவாக இல்லை. கட்டடப் பரிசோதனை அறிக்கையில் ‘ஒப் ஸ்டால்’ அத்திவாரம் என்று எழுதியிருந்தால் இரும்பு போட்டிருக்கிறார்கள் என்று என்னைப்போல் மகிழ்ந்துவிடாதே. அந்தச் சொல்லுக்கு இங்கே உருக்கு என்று அர்த்தமில்லை. தூண் எதுவும் இல்லை, சுவர் நேரே மண்ணில் நிற்கிறது என்பதுதான்.

அந்தக் காலத்து வீடுகளில் வெளிச்சுவர் பெரும்பாலும் இரண்டு தட்டு, நடுவில் வெற்றிடம். இரண்டையும் பிடித்திருப்பவை சிறு கம்பிகள். அவை துருப்பிடித்தால் வெளித்தட்டு தனியே நிற்கும். புயற்காற்று முதலில் இழுப்பது மூலை வீட்டின் அந்தப் பெரிய சுவரைத்தான். சின்னத் துளை போட்டுக் கமரா விட்டுப் பார்ப்பார்கள். அதைக் கேட்டுச் செய்வி. தண்ணீர்க் குழாயை நீயே பார்க்கலாம்: மீட்டர் அலமாரியில் நாணயத்தால் சுரண்டு, மென்மையாய் இருந்து வெள்ளி போல் மினுங்கினால் ஈயம். 1960 வரைக்கும் போட்டார்கள்.

‘கட்டடப் பரிசோதனை நிபந்தனையை விட்டால்தான் வீடு கிடைக்கும்’ என்று முகவர் சொன்னதாக எழுதியிருந்தாய். விடாதே. அவருக்கு அவசரம், வீடு உனக்கு. கேட்கும் விலைக்கு மேலே விலை சொல்வதிலும் கவனம்: வங்கி மதிப்பீட்டு விலையின் நூறு வீதத்துக்கு மேல் தராது, மிச்சம் உன் கையிலிருந்துதான். உனக்கு 35 ஆகவில்லை; வீடு அரசின் விலை வரம்புக்குள் இருந்தால் வீடு கைமாறும்போது கட்டும் 2 வீத வரி இல்லை, ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைதான். கையெழுத்து வைத்தபின் மூன்று நாள் காரணம் சொல்லாமல் விலகலாம்.

காணிப் பதிவை நொத்தாரிசிடம் விடாமல் நீயும் வாசி. நம்மூர்க் காணிகளுக்கே தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதின ஒல்லாந்தரின் நாடு இது, தங்கள் ஒழுங்கைக்கு எழுதாமலா விட்டிருப்பார்கள்? பின்வீட்டுக்காரர் சைக்கிள் தள்ளிப்போகும் வழியுரிமை உன் வளவுக்குள்ளால் போகிறதா என்று பார். ஊரில் உறுதியில் வழிவாய்க்கால் என்று எழுதுவார்களே, அதேதான். வளவை அடைத்துக் கட்ட நினைத்தால் அங்கேதான் சண்டை தொடங்கும்.

சனத்தைப் பற்றி நீ பயப்படுகிறாய். கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க மூலை வீடு சரிவராது. பெடியள் பந்தை அடிக்க உன் சுவர்தான் கோல் கம்பம். இரண்டு வருடம் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டினேன். பிறகு, இரவு எட்டு மணியோடு சரி என்று அவர்களிடமே போய்க் கதைத்தேன், கேட்டார்கள். சிலருக்கு நம்மைப் பிடிக்கவில்லை, கடைசிவரை தலையாட்டவும் இல்லை. ஆனால் 2012இல் நீ சோதனை பாஸான அன்று எங்களிடம் கொடியில்லை என்று ஓப்பா தன் கொடியையும் கம்பையும் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். 82 வயதில் ஏணியில் ஏறி, இரண்டு தெருவுக்கும் தெரிய வேணும் என்று மூலையில் கட்டி, இங்கத்தை வழக்கப்படி உன் பள்ளிக்கூடப் பையைத் தொங்கவிட்டார். பை ஒரு கிழமை மழையில் நனைந்தது. அம்மா இன்னும் அதை மேல்மாடியில் வைத்திருக்கிறா.

சனிக்கிழமை பத்தரைக்கு வருகிறேன். டோர்ச் லைட்டும் பழைய உடுப்பும் கொண்டுவருவேன். வாசல் கால்மிதிக்குக் கீழே பலகை நிலத்துக்கு அடியில் இறங்கிப் பார்க்க ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து வைக்கச் சொல்லி முகவரிடம் இப்போதே கேட்டுவை.

அப்பா