உமையாளுக்கு, நாக்கு எரிச்சல் பற்றி

அன்பு மகள் உமையாளுக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, போனில் நீ பட்டும் படாமலும்தான் சொன்னாய். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

காரைக்குடியில் சின்னாத்தா வீட்டு அறுபதாம் கல்யாணத்திலேயே கவனித்தேன். வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய்த் துவையல் போதவில்லை என்று கேட்டு வாங்குகிற பெண், அதைத் தொடவே இல்லை. மாவுருண்டையைக் கடித்துவிட்டு, வாயெல்லாம் மாவு ஒட்டிக்கொள்ள, விழுங்க முடியாமல் தண்ணீர் கேட்டாய்.

உடம்புச் சூடு, மோர் குடி என்பார்கள். குடி, நல்லதுதான். ஆனால் உனக்கு 47 ஆகிறது, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது. இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும். வாயின் உள்தோல், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாவற்றுக்கும் அதனோடு தொடர்பு உண்டு. பலருக்கு எச்சில் குறைந்து வாய் வறளும். ஈறு மெலிந்து, பிரஷ் பட்டாலே ரத்தம் கசியும். சிலருக்கு நாக்கு நுனி வெந்ததுபோல எரியும், பார்த்தால் புண் ஒன்றும் இருக்காது. காலையில் குறைவாக இருந்து பொழுது ஏற ஏறக் கூடும். கசப்போ இரும்பு ருசியோ தட்டும். எல்லாம் மனசுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அதற்காக எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடவும் கூடாது. பி12, இரும்புச்சத்து குறைந்தாலும், சர்க்கரை, தைராய்டு கோளாறு இருந்தாலும் நாக்கு எரியும். ரத்தம் சோதித்துப் பார். பிரஷர் மாத்திரையும் சிலருக்கு வாயை வறட்டும். நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரைக் கேள்.

வறட்சிக்கு மிட்டாய் சப்புகிறாயே, அதை விடு. எச்சில்தான் பல்லைக் கழுவிக் காக்கிறது. அது குறைந்த வாயில் இனிப்பு தங்கினால், ஈறு இறங்கிய இடத்தில் பல் வேரிலேயே சொத்தை விழும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லு, அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் குடி. மெத்தென்ற பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். விசேஷ வீட்டுத் தாம்பூலத்தை மரியாதைக்கு வாங்கிக்கொள், பாக்கை மட்டும் வாயில் போடாதே. பாக்கு புற்றுநோயை வரவழைக்கும்.

அப்புறம் எலும்பு. மாதவிலக்கு நின்றபின் எலும்பு வலுக் குறையும், தாடை எலும்பும் சேர்த்துத்தான். நான் எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறேன் அல்லவா, கடைவாய்ப்பல் பிடுங்கப் போனபோது பல் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். அந்த மாத்திரை போடுகிறவர்களில் அபூர்வமாகச் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு ஆறாமல் போகும். நாளை உனக்கும் அப்படி மாத்திரை எழுதினால், தொடங்குவதற்கு முன்பே பல்லையெல்லாம் காட்டிச் சரி செய்துகொள்.

பெங்களூரில் பல் டாக்டருக்கா பஞ்சம்? இந்த வாரமே போ. மாதவிலக்கு தள்ளிப்போவதையும், என்னென்ன மாத்திரை போடுகிறாய் என்பதையும் கூச்சப்படாமல் சொல். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் காட்டு, அவரும் தெரிந்துகொள்ளட்டும். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததும் எனக்குப் போன் போடு.

அன்புடன்,
ஆத்தா