ஜெசுஸ் குடும்பப் பெயரல்ல

அன்புள்ள சேவியர்,

கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உன் மாப்பிள்ளையின் போர்த்துகல் வம்சத்தைத் தேடப்போய், மரியா த ஜெசுஸ் (இயேசுவின் மரியா) என்ற பாட்டியிடம் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாயாக்கும். ‘ஜெசுஸ்’ குடும்பத்தைத் தேடுவதை முதலில் நிறுத்து.

நம் ஊர்க் கோயில் பதிவேட்டில் அமலோற்பவம், வியாகுலம், செபமாலை என்று பெண்கள் இருப்பார்களே, அதேதான் அங்கே கொன்செய்சாவ், தோரெஸ், ரொசாரியோ. எல்லாம் பக்திப் பெயர். ஆனால் அங்கே மரியா, அனா என்பதற்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வதால் குடும்பப் பெயர் மாதிரி மயக்கும். தகப்பனும் அண்ணன் தம்பிகளும் ரொட்ரிகெஸ். பெண்பிள்ளைகளில் ஒருத்தி த ஜெசுஸ், அடுத்தவள் தோ எஸ்பிரித்து சாந்து (பரிசுத்த ஆவியின்), கடைக்குட்டி வெறும் அனா ரோசா. மூவரும் கூடப்பிறந்தவர்களாகவே இருக்கலாம். பழைய ஞானஸ்நானப் பதிவில் பிள்ளைக்கு ‘மரியா’ என்று மட்டும்தான் எழுதுவார்கள். பின்பெயர் வளர்ந்தபிறகு ஒட்டிக்கொள்வது, ஒட்டியதும் நிலைக்காது. கல்யாணத்தில் கொன்செய்சாவ், மூன்றாவது பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஜோவாகினா, சாவுப் பதிவில் த ஜெசுஸ் என்று ஒருத்தியே வருவாள்.

ஆகவே புருஷன், பெற்றோர், பங்கு (எந்தக் கோயிலைச் சேர்ந்தவள் என்பது), குக்கிராமம் நான்கையும் சேர்த்து அவளைப் பிடி. அவள் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரின் ஞானஸ்நானப் பதிவுகளையும் வரிசையாக எழுது. ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டினால் கெட்டது. தாய்வழிப் பாட்டன் பாட்டி எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால், தாய் பெயர் நாலு விதமாக இருந்தாலும் ஆள் ஒருத்திதான். 1860க்குப் பிறகு அந்தப் பாட்டன் பாட்டி பெயர்கள் ஒழுங்காகக் கிடைக்கும். அதற்கு முன்னால் சாமியாருக்குச் சாமியார் மாறும்.

பாட்டன் பாட்டியும் மாறினால் இரண்டு மனைவிகளா என்று சந்தேகப்படு. தாய் பெயர் கடைசியாகக் கொன்செய்சாவ் என்று வந்த பிள்ளைக்கும் முதலில் த ஜெசுஸ் என்று வந்த பிள்ளைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் சாவுப் புத்தகத்தைப் புரட்டு. பிறகு கல்யாணப் புத்தகத்தில் புருஷன் பெயரோடு ‘வியூவோ’ என்ற சொல் இருக்கிறதா பார். மனைவியை இழந்தவன் என்று பொருள்; பல இடங்களில் இறந்தவள் பெயரும் கூடவே இருக்கும். கல்யாணம் பெரும்பாலும் பெண்வீட்டுப் பங்கில்தான் நடக்கும். புருஷன் ஊரில் பதிவு அகப்படவில்லையென்றால், பிள்ளைகளின் பதிவில் தாய் எந்த ஊர்க்காரி என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போ.

புருஷன் பெயரை ஒட்டித் தேடாதே. அந்தக் காலத்துச் சாதாரணக் குடும்பங்களில் பெண்கள் அதை எடுத்துக்கொள்வது வழக்கமில்லை. பழைய ஏடுகளில் கொயெல்யோ வீட்டுப் பெண் ‘கொயெல்யா’ என்று பெண்பாலாகியும் வருவாள். பழைய அட்டவணைகள் முதல் பெயரை வைத்தே அடுக்கியவை என்பதால் ‘ஜெ’ பக்கத்தில் தேடி வீணாகாதே. ‘எம்’ எழுத்தும் அதன் தலைமேல் பொடியாக ஒரு ‘ஏ’யும் இருந்தால் அது மரியா.

இன்னொன்று. தோ எஸ்பிரித்து சாந்து என்று இருப்பதால் அவளைக் கன்னியாஸ்திரீ என்றோ, மதம் மாறிய யூதக் குடும்பத்துப் பெண் என்றோ கதை கட்டுகிறவர்கள் உண்டு. நம்பாதே. கன்னியாஸ்திரீ என்றால் பெயருக்கு முன்னால் ‘சோரோர்’ (சகோதரி) நிற்கும். யூத வம்சத்துக்கு இந்தப் பெயர் சாட்சியே இல்லை.

பங்கின் பெயரையும் மூத்த பிள்ளை பிறந்த ஆண்டையும் எழுது. நானும் புரட்டிப் பார்க்கிறேன். அம்மாவைச் சொட்டு மருந்தை மறக்காமல் போடச் சொல்.

அன்புடன்,
ஜோசப்