என்ன மருந்து என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

மாவட்ட வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பயிருக்கு ட்ரோனில் பூச்சிமருந்து அடிப்பது பற்றி, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடை ஊர்களிலிருந்து கொடுத்த மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. அதையெல்லாம் திரும்பச் சொல்லவில்லை. போன வாரம் என் அம்மாவுக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலை எட்டு மணி இருக்கும். அம்மாவும் இன்னும் ஆறு பெண்களும் சம்பா வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வயலில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ட்ரோன் விட்டார்கள். அது ஒவ்வொரு தடவையும் வரப்பைத் தாண்டி, இவர்கள் தலைக்கு மேல் வந்துதான் திரும்பியது. முகத்தில் ஈரம் பட்டதும் பனி என்று நினைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டார் அம்மா. வரப்பில் தூக்குவாளியில் சோறு இருந்தது. மூடி நசுங்கி, சரியாகப் பொருந்தாத வாளி. ஒன்பதரைக்கு அதைத்தான் சாப்பிட்டார்கள். பதினோரு மணிக்குள் அம்மாவுக்குக் கண் எரிச்சல், வாயில் எச்சில் ஊறி ஊறி வாந்தி.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சாங்க?" அது தெரிந்தால்தான் எந்த முறிவு மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும் என்றார். நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன். கடைக்காரரைக் கேளுங்கள் என்றார். கடைக்காரர், இரண்டு மூன்று மருந்து கொடுத்தேன், எதைக் கலந்தார்களோ என்றார். ட்ரோன் ஓட்டிய தம்பி அடுத்த ஊரில் மருந்தடித்துக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. கடைசியில் வாய்க்கால் ஓரம் கிடந்த காலி பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். முக்கால் மணி நேரம் போய்விட்டது. அம்மா பிழைத்துவிட்டார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மருந்தடிப்பதற்கு ஒரு நாள் முன்பே எந்த வயல், எத்தனை மணி, என்ன மருந்து என்று ஊருக்குச் சொல்லுங்கள்.

இது புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. வான்வழியாக மருந்து தெளித்தால் 24 மணி நேரம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஆட்களையும் கால்நடைகளையும் அந்த இடத்துக்குள் விடக்கூடாது என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. ட்ரோனுக்கென்று மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் தனி நெறிமுறையும் வெளியிட்டது. எங்கள் ஊருக்கு ட்ரோன் வந்துவிட்டது. விதி இன்னும் வரவில்லை.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை, ட்ரோனில் பத்து லிட்டரில் கலக்கிறார்கள். அத்தனை கெட்டியான மருந்து, அத்தனை நுண்ணிய துளியாக, காற்றோடு போகிறது. மாடு மேயும் வரப்பு, மீன் வளர்க்கும் குளம், துணி காயும் கொடி என்று அது பார்த்துப் போவதில்லை.

கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். அங்கேயும் கீழே வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன. உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்தைத் தடை செய்தது 2011இல். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2017இல். அதற்குள் எத்தனை பிள்ளைகள் படுக்கையிலேயே வளர்ந்துவிட்டார்கள்! மருந்து வேறு, அளவு வேறு என்று நீங்கள் சொல்லலாம். சரி. கீழே இருப்பவர்களைக் கேட்காமல் மேலிருந்து தெளிப்பது மட்டும் அதேதான்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வருகிறது. கரண்ட் நிறுத்தினால்கூடப் பேப்பரில் போடுகிறார்கள். ட்ரோன் செயல்விளக்கத்துக்குப் பந்தல் போட்டீர்கள், மானியம் பற்றிப் பேசினீர்கள், படம் எடுத்தீர்கள். களை பறிக்கும் பெண் ஒருவரையாவது அந்தப் பந்தலில் உட்கார வைத்து, உங்களுக்கு என்னம்மா தொந்தரவு என்று கேட்டீர்களா? நிலம் இல்லாதவர்கள் விவசாயக் கணக்கில் வருவதே இல்லையா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ட்ரோனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதுகில் டேங்க் சுமந்து மருந்தடித்தவர்கள் பட்ட பாடும் எனக்குத் தெரியும்.

சம்பாவுக்கு அடுத்த சுற்று மருந்தடிப்பு இன்னும் பத்து நாளில் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு உத்தரவு போடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் கோயில் மைக்கில் வயல், நேரம், மருந்தின் பெயர் மூன்றையும் சொல்லட்டும். வரப்பில் ஒரு அட்டையிலும் எழுதி வைக்கட்டும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அம்மா மறுபடியும் களைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து ஒரு மகன்