ஓவட்டோனா வங்கியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் பற்றிய கட்டுரை படித்தேன். சிகாகோ, செயின்ட் லூயிஸ் அடுக்குமாடிகளை அழகாக விளக்கிவிட்டு, அவருடைய கடைசிக் காலத்தை வெறும் வீழ்ச்சி என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். வறுமை உண்மைதான். 1909இல் தன் உடைமைகளையே ஏலம் விட்டவர் அவர். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் மினசோட்டா மாநிலத்து ஓவட்டோனாவில் நேஷனல் ஃபார்மர்ஸ் வங்கி கட்டி முடிந்தது. என்னைக் கேட்டால், அவர் கட்டியதிலேயே சிறந்தது அதுதான்.

அப்போது அந்த ஊரில் மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். பால் மாடும் வெண்ணெயுமாகப் பிழைத்த ஊர். வங்கியின் துணைத் தலைவர் கார்ல் பென்னட் இசைப் பித்தர். சல்லிவன் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அவரையே தேடிப் பிடித்தார். அந்நாளில் அமெரிக்காவில் வங்கி என்றால் ரோமாபுரிக் கோயில்போல் தூண் நிறுத்துவதுதான் வழக்கம். அப்படிக் கட்டிக்கொண்டால் வங்கிக்காரரும் ரோமானிய அங்கியும் செருப்பும் அணிந்து லத்தீனில்தான் வியாபாரம் பேசவேண்டும் என்று சல்லிவன் முன்பே கேலி செய்திருந்தார்.

அவர் கட்டியதில் ஒரு தூண்கூட இல்லை. 68 அடிக்கு 68 அடி, கனமான செங்கல் பெட்டி, அடியில் செம்மணற்கல். தெருப்பக்கச் சுவர் இரண்டிலும் 36 அடி அகலத்துக்கு ஒரே வளைவு, அது நிறைய லூயி மில்லேயின் வண்ணக் கண்ணாடி. வெளியே சுடுமண் பட்டைகளில் பச்சையும் பழுப்பும். உள்ளே ஆஸ்கர் கிராஸ் தீட்டிய பெரிய சுவரோவியங்கள்: மேயும் மாடுகள், வயல் வேலை. ஒவ்வொன்றும் 2.25 டன் எடையுள்ள நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள் வேறு. வெளியில் தெரியும் வசந்தகாலத்து நிறங்களையெல்லாம் கட்டடத்துக்குள் கொண்டுவரப்போகிறேன் என்று பென்னட்டுக்குச் சல்லிவன் கடிதமே எழுதினார். அந்த அலங்காரங்களில் பெரும்பகுதி உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைவண்ணம். அவர் பெயரையும் உங்கள் கட்டுரை சொல்லவில்லை.

முப்பது வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் பிடித்தது. விவசாயிகள் வந்து உட்கார்ந்து பேச அங்கே தனி அறை இருந்தது, பெண்களுக்கும் ஒன்று. கடன் கேட்டு வருகிறவரை வாசலில் நிற்கவைக்காத வங்கி!

இது ஒன்றோடு நிற்கவில்லை. அயோவாவில் கிரினெல், விஸ்கான்சினில் கொலம்பஸ் என்று சின்னச் சின்ன ஊர்களில் 1919 வரை கட்டிக்கொண்டே இருந்தார். ஒஹையோ மாநிலத்து சிட்னியில் நடந்ததாகச் சொல்வார்கள்: எதிர்த்தெரு ஓரத்தில் இரண்டு நாள் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்து மனையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு வரைந்து காட்டியபோது வங்கி இயக்குநர் ஒருவர், கிரேக்கத் தூண் வைத்தால் என்ன என்று இழுத்தார். அதற்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இதைக் கட்ட நான் ஒருவன்தான் என்று சல்லிவன் தாளைச் சுருட்டிவிட்டார். இயக்குநர்கள் வழிக்கு வந்தார்கள்.

ஓவட்டோனா வங்கி 1926இல் நொடித்தது. முதல் உலகப் போருக்குப் பின் விளைபொருள் விலையும் நில விலையும் சரிந்து, ஊர்ப்புற வங்கிகள் பலவற்றைக் கொண்டுபோன காலம் அது. சல்லிவன் 1924இலேயே இறந்துவிட்டார். வேறொரு வங்கி அங்கே குடிவந்து, 1940இல் நவீனப்படுத்துகிறோம் என்று காசாளர் கூண்டுகளையும் இரும்பு வேலைப்பாட்டையும் பெயர்த்தெடுத்தது. இங்கே தேக்குக் கவுண்டரை எடுத்துவிட்டு அலுமினியத் தடுப்பு அடித்ததை நானும் பார்த்திருக்கிறேன். இந்த வியாதிக்குத் தேசமில்லை போலும். 1950களின் பிற்பகுதியில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு மிஞ்சியதைச் சீர்செய்தார்கள். கழற்றியவற்றில் தப்பிய சில, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1981இல் அமெரிக்க அஞ்சல் துறை 18 சென்ட் தபால்தலையில் சல்லிவனுக்கென அச்சிட்டது இந்த வங்கியைத்தான், வானளாவியை அல்ல.

அடுத்த இதழில் இடமிருந்தால் இக்கட்டடத்தின் உட்புறப் படம் ஒன்றாவது வெளியிடுங்கள். தயவுசெய்து வண்ணத்தில்.

— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்