இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடி அணி வட்டார அளவில் இரண்டாம் இடம். ஓவியம், கட்டுரைப் போட்டிகளிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். கழிப்பறைக் குழாய்களும் ஒருவழியாகச் சரியாகிவிட்டன. அனைவருக்கும் வாழ்த்துகள்.

இனி, பிறந்தநாள் கேக் பற்றி.

நம் பள்ளியில் சீலியாக் நோயுள்ள பிள்ளை ஒன்று படிக்கிறது. வீட்டாரின் இசைவோடுதான் எழுதுகிறேன். யார், எந்த வகுப்பு என்று விசாரிக்க வேண்டாம். கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் புரதம் உள்ளே போனால், அந்தப் பிள்ளையின் நோய் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இரத்தசோகை வரலாம், வளர்த்தி குன்றலாம். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான்.

சென்ற மாதம் வகுப்பில் கேக் வெட்டினார்கள். "ஒரு வாய்தானே" என்று நண்பர்கள் ஊட்டிவிட, மறுக்கக் கூச்சப்பட்டுப் பிள்ளை விழுங்கிவிட்டது. மாலையே வாந்தி, மூன்று நாள் விடுப்பு.

கேக் மட்டுமல்ல. ரவா கேசரி, சேமியா, பரோட்டா எதுவும் ஆகாது. கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஆக, உங்கள் வீட்டு சாம்பார் சாதமும் சந்தேகம்தான். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே வார்த்த தோசையும் அப்படியே.

இதற்கிடையே வாட்ஸ்அப் குழுவில், "இதெல்லாம் பணக்கார வீட்டு ஃபேஷன்" என்று ஒரு பதிவு. அந்தப் பிள்ளையின் தாயும் அதே குழுவில் இருக்கிறார். இன்னொரு முறை இப்படி எழுதினால் நேரில் அழைத்துப் பேச வேண்டியிருக்கும்.

சீலியாக்கும் கோதுமை ஒவ்வாமையும் ஒன்றா என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டவர்களுக்கு: ஒவ்வாமை வேறு. அதில் சில நிமிடங்களிலேயே தடிப்போ மூச்சுத்திணறலோ வரலாம். சிலருக்குக் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பும், ஆனால் குடல் புண்படாது. அது மூன்றாவது வகை. உங்கள் பிள்ளைக்கும் சீலியாக் இருக்குமோ என்று தோன்றினால், நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு செய்யும் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ஜனவரி முதல் பிறந்தநாளுக்குத் தின்பண்டம் கொடுத்தனுப்ப வேண்டாம். பென்சிலோ, நூலகத்துக்கு ஒரு புத்தகமோ போதும். மதிய உணவையும் பகிர வேண்டாமென்று வீட்டில் சொல்லிவையுங்கள். பகிர்ந்து உண்ணச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான், சங்கடமாகத்தான் இருக்கிறது.

கேக் கொண்டுவந்த பிள்ளையின் பெற்றோர் மறுநாளே வந்து வருத்தம் தெரிவித்தார்கள். தவறு அவர்களுடையதல்ல, முன்பே சொல்லாத எங்களுடையது. கேட்காமலேயே தனித் தோசைக்கல் வாங்கி வைத்த கேன்டீன் அக்காவுக்கும், இதுவரை ஒத்துழைத்த உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்